முதலில் நிலம், பிறகு உபதேசம்!

லாபகரமாக விவசாயம் செய்வது எப்படி என்று உழவனுக்கு உபதேசம் செய்ய ஆளுக்குப் பஞ்சமில்லை. மந்திரி சொல்கிறார், அதிகாரி சொல்கிறார், உரக் கம்பெனி ஏஜெண்டு சொல்கிறார். மண்ணைப் பரிசோதனை செய், ஒரே பயிரை நம்பாதே, ஆடு மாடு வள, விளைந்ததை நேரே விற்றுக் காசாக்கு என்கிறார்கள். நல்ல யோசனைகள்தான். நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம்: யாருடைய நிலத்தில்? அடுத்த போகத்துக்கு நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவன் எந்த தைரியத்தில் அந்த மண்ணை வளப்படுத்துவான்?

இந்தக் கேள்விக்கு ஸ்காட்லாந்தின் மலைச் சீமையிலும் மேற்குத் தீவுகளிலும் வாழும் ஏழை உழவர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே போராடிப் பதில் கண்டார்கள். அங்கே சிறு குத்தகை நிலத்துக்குக் கிராஃப்ட் என்று பெயர். அதில் பாடுபடுகிறவர் கிராஃப்டர். சராசரியாக ஒரு கிராஃப்ட் பன்னிரண்டு ஏக்கர் சுமாருக்கு வரும். பாதி பாறை, பாதி சதுப்பு. அங்கே இன்று 20,000க்கும் மேற்பட்ட கிராஃப்டுகள் இருக்கின்றன. இத்தனை மோசமான மண்ணில் இந்தச் சிறு உழவர்கள் எப்படி நிலைத்தார்கள்? அது ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அறிய வேண்டிய சரித்திரம்.

மனிதரை விரட்டி ஆடு மேய்த்தார்கள்

மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலில் சதர்லாந்து சீமாட்டியின் கதையை எழுதியிருக்கிறார். 1814 முதல் 1820 வரை 15,000 மக்கள், அதாவது சுமார் 3,000 குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். கிராமங்கள் கொளுத்தப்பட்டன. 7,94,000 ஏக்கர் சீமாட்டிக்குச் சொந்தமாயிற்று. விரட்டப்பட்டவர்களுக்குக் கடற்கரை ஓரத்தில் 6,000 ஏக்கர் ஒதுக்கினார்கள். குடும்பத்துக்கு 2 ஏக்கர்! அதற்கும் குத்தகை! 1825ல் 15,000 மனிதர் இருந்த இடத்தில் 1,31,000 செம்மறி ஆடுகள் மேய்ந்தன.

ஏன் இந்தக் கொடுமை? இங்கிலாந்தின் ஆலைகள் கம்பளி கேட்டன. ஏழைக் குடியானவன் தரும் குத்தகையைவிட ஆட்டுப் பண்ணை முதலாளி தரும் குத்தகை அதிகம். கணக்கு அவ்வளவுதான்.

விரட்டப்பட்டவனுக்கு ஏன் இரண்டு மூன்று ஏக்கர் மட்டும் கொடுத்தார்கள்? அதிலும் கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் மேற்குக் கரையில் கடற்பாசியை எரித்துச் சாம்பல் எடுத்தார்கள். சோப்புக்கும் கண்ணாடிக்கும் அது வேண்டும். பாசி எரிக்கும் வேலைக்குக் கூலி ஆள் வேண்டும். நிலம் போதுமானதாக இருந்தால் கூலிக்கு எவன் வருவான்? ஆகவே வயிறு நிறையாத அளவுக்கு அளந்து கொடுத்தார்கள். 1815ல் யுத்தம் முடிந்தபின் பாசிச் சாம்பலின் விலை விழுந்தது. வேலை போயிற்று, குத்தகை மட்டும் போகவில்லை. 1846ல் உருளைக்கிழங்கு நோயில் அழுகியது. பஞ்சம் வந்தது. கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள், கிளாஸ்கோ ஆலை வாசலில் போய் நின்றார்கள்.

சிறு உழவன் ஏழையாக இருப்பது அவனுடைய சோம்பலாலோ அறியாமையாலோ அல்ல. ஏழையாக இருக்கும்படி அவன் நிலம் அளக்கப்பட்டது!

மலை உச்சியில் நாகப்பட்டினத்து வாசல்

ஸ்காட்லாந்தின் ராஸ் சீமையில் ஃபைரிஷ் என்றொரு குன்று. அதன் உச்சியில் கல் வளைவுகள் நிற்கின்றன. அது என்ன தெரியுமா? நமது நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயல்! 1781ல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த பிரிட்டிஷ் தளபதி ஹெக்டர் மன்றோ, அந்த வெற்றியின் ஞாபகமாகத் தமது சொந்தச் சீமையில் அதைக் கட்டினார். இங்கே நம் கடற்கரையில் சண்டை போட்டவர் அங்கே பெரிய நிலப்பிரபு. அதே ராஸ் சீமையில் 1792ல் மக்கள் திரண்டு, தங்கள் மேய்ச்சலைப் பறித்த ஆட்டு மந்தைகளை ஆயிரக்கணக்கில் வளைத்துத் தெற்கே ஓட்டிச் சென்றார்கள். பட்டாளம் வந்து தடுத்தது. தலைவர்கள் சிறைப்பட்டார்கள்.

இன்னொரு நிலப்பிரபுவைப் பாருங்கள். 1844ல் லூயிஸ் தீவையே விலைக்கு வாங்கியவர் ஜேம்ஸ் மதீசன். சீனாவில் அபின் விற்ற பணம் அது. அபின் விளைந்தது இந்தியாவில். நம் நாட்டு உழவனின் வியர்வையும் கிராஃப்டரின் குத்தகையும் ஒரே வர்க்கத்தின் பெட்டிக்குள் போயின.

போராட்டம் கொடுத்த சட்டம்

1882 ஏப்ரலில் ஸ்கை தீவின் பிரேஸ் கிராமங்களில் மக்கள் எழுந்தார்கள். பென்லீ மலை மேய்ச்சல் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டிருந்தது. அதைத் திருப்பித் தரும்வரை குத்தகை கிடையாது என்றார்கள். வெளியேற்ற நோட்டீஸ் வந்தது. நோட்டீசைத் தீயில் போட்டார்கள். கிளாஸ்கோவிலிருந்து சுமார் 50 போலீசார் வந்து இறங்கினார்கள். பெண்கள் முன்னணியில் நின்று கல்லெறிந்து எதிர்த்தார்கள். 1884ல் சர்க்கார் தீவுக்குப் போர்க்கப்பல் அனுப்பியது. குத்தகை கேட்ட நிலப்பிரபுவுக்குப் போர்க்கப்பல் காவல்!

மக்கள் நிலச் சங்கம் கட்டினார்கள். பிரபுவைவிட மக்களே வலியவர் என்பது அந்தச் சங்கத்தின் முழக்கம். 1885 தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். 1886ல் கிராஃப்டர் சட்டம் வந்தது.

சட்டத்தின் சாரம் நான்கு. குத்தகை செலுத்தி விதிகளை மதித்து நடக்கும் கிராஃப்டரை வெளியேற்றக் கூடாது. குத்தகையை நிலப்பிரபு அல்ல, கமிஷன் நிர்ணயிக்கும். உரிமை வாரிசுக்குப் போகும். நிலத்தை விட்டுப் போனால், அதில் கிராஃப்டர் செய்த மேம்பாட்டுக்கு ஈடு தர வேண்டும்.

இந்த நாலாவது ஷரத்தில்தான் விவசாய விஞ்ஞானமே அடங்கியிருக்கிறது. முன்பு கிராஃப்டர் வடிகால் வெட்டினால், கல் பொறுக்கினால், நல்ல வீடு கட்டினால் என்ன ஆகும்? 'நிலம் நன்றாக ஆயிற்றே' என்று குத்தகை ஏறும். உழைப்புக்குத் தண்டனை! சட்டம் வந்த பிறகுதான் உழைப்பின் பலன் உழைத்தவனிடம் தங்கியது. வீடும் வடிகாலும் வேலியும் அதன்பின் வந்தன.

அந்தச் சட்டத்தில் ஓட்டையும் உண்டு. பறிபோன பழைய நிலத்தை அது திருப்பித் தரவில்லை. நிலமே இல்லாத கூலிக் குடும்பங்களுக்கு ஒன்றும் தரவில்லை. அவர்கள் மீண்டும் போராட வேண்டியிருந்தது. முதல் உலக யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் லூயிஸ் தீவில் பண்ணைகளுக்குள் புகுந்தார்கள். 1918ல் தீவை வாங்கியிருந்த சோப்பு முதலாளி லீவர்ஹல்ம் பிரபு தோற்று வெளியேறினார். 1923ல் ஸ்டோர்னோவே வட்டாரம் மக்கள் டிரஸ்டின் கைக்கு வந்தது.

அவர்கள் செய்யும் விவசாயம்

நிலம் கையில் நின்றபின் அந்த உழவர்கள் என்ன செய்கிறார்கள்? இங்கேதான் யோசனைகளுக்கு மதிப்பு வருகிறது.

ஒன்று, எருவைக் காசுக்கு வாங்காமல் தேடுகிறார்கள். யூயிஸ்ட் தீவுகளின் மேற்குக் கரை முழுவதும் சிப்பி மணல். குளிர்காலப் புயல் கரையில் குவிக்கும் கடற்பாசியை வாரி வந்து நிலத்தில் பரப்புகிறார்கள். அது மணலைப் பிடித்து நிறுத்தும், சாம்பல் சத்தும் தரும். புளித்த சதுப்பு நிலத்துக்கு அதே சிப்பி மணலைச் சுண்ணாம்பாக இடுகிறார்கள். புல்லோடு குளோவர் வளர்க்கிறார்கள். நம் கொளுஞ்சியும் தக்கைப்பூண்டும் போலக் குளோவரின் வேர் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவரும். குளத்து வண்டலும் மாட்டெருவும் ஆட்டுக் கிடையும் தெரிந்த நமக்கு இது புதிதல்ல. உர மூட்டைக்குக் கடன் வாங்கும் அளவு குறைந்தால் வட்டிக்காரனின் பிடி குறையும்.

இரண்டு, நிலத்துக்கு ஓய்வு தருகிறார்கள். இரண்டு வருஷம் ஓட்ஸ், ரை, பார்லி. பிறகு இரண்டு மூன்று வருஷம் தரிசு. விதை அவர்களுடைய சொந்த விதை. மணல் மண்ணையும் உப்புக் காற்றையும் தாங்கும் பழைய ரகங்கள். கம்பெனி விதைக்குக் காத்திருப்பதில்லை.

மூன்று, மேய்ச்சலைப் பொதுவில் வைக்கிறார்கள். இதுதான் கிராஃப்ட் முறையின் முதுகெலும்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொது மேய்ச்சல் நிலங்கள் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு ஊரார் தேர்ந்தெடுத்த கமிட்டி. எந்த வீட்டுக்கு எத்தனை மாடு, எத்தனை ஆடு என்று பங்கு வரையறை உண்டு. பணக்காரன் நூறு ஆட்டை ஓட்டி வந்து புல்லை மொட்டையடிக்க முடியாது. வேலி போடுவதும் ஆடு திரட்டுவதும் கூட்டு வேலை.

நான்கு, தனியாளால் முடியாததைச் சேர்ந்து செய்கிறார்கள். நாலு மாடு வைத்திருப்பவன் உயர்ந்த ஜாதிக் காளை வாங்க முடியுமா? ஆகவே சர்க்கார் இன்வர்னெஸ் நகரில் காளைப் பண்ணை வைத்து, ஊர்க் கமிட்டிகளுக்குக் காளையை வாடகைக்கு அனுப்புகிறது. ஷெட்லண்டில் புயற்காற்று சாதாரணக் கூடாரத்தைப் பறக்கடித்துவிடும். சால்மன் மீன் பண்ணைகள் கழித்த குழாய்களை வளைத்து, காற்றை எதிர்த்து நிற்கும் காய்கறிக் கூடாரம் செய்தார்கள். பழைய குழாயில் பச்சைக் காய்கறி!

ஐந்து, விளைந்ததைக் கச்சாப் பொருளாகவே விற்றுவிடாமல் கைவேலையும் சேர்க்கிறார்கள். ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி உலகப் பிரசித்தம். நூலை வெளித் தீவுகளின் ஆலைகளில் சாயமிட்டு நூற்கிறார்கள். நெசவாளி தன் வீட்டில் கால் மிதித் தறியில் நெய்கிறார். தீவுவாசி தன் வீட்டில் நெய்தால்தான் அந்தப் பெயர் செல்லும் என்று 1993ல் சட்டமே இயற்றப்பட்டது. வெளியூர் முதலாளி பெயரைத் திருட முடியாது. ஆலைத் தொழிலாளியும் நெசவாளியும் கிராஃப்டரும் ஒரே ஊரில், பல வீடுகளில் ஒரே ஆளாகவும், இருக்கிறார்கள்.

இத்தனையும் செய்தாலும் கிராஃப்ட் மட்டும் குடும்பத்தைக் காப்பாற்றுவது அபூர்வம். மீன்பிடிப்போ, தறியோ, கூலி வேலையோ கூட இருக்க வேண்டும். சர்க்கார் மானியமும் வேண்டும். இரண்டு ஏக்கரில் லட்சாதிபதி ஆகலாம் என்று ஆசை காட்டுபவனை நம்பாதீர்கள். நிலம் உறுதியாக இருந்தால் உழவன் கூலிக்குப் போகும்போது நிமிர்ந்து பேரம் பேசுவான். அந்த வித்தியாசம்தான் பெரிது.

மக்கள் வாங்கிய எஸ்டேட்

1993ல் அசிண்ட் கிராஃப்டர்கள் 21,000 ஏக்கருக்கு மேற்பட்ட வடக்கு லாக்கின்வர் எஸ்டேட்டை 3 லட்சம் பவுண்டு திரட்டித் தாங்களே வாங்கினார்கள். அசிண்ட் எங்கே இருக்கிறது? மார்க்ஸ் எழுதிய அதே சதர்லாந்தில்! 1997ல் எய்க் தீவு மக்கள் தீவை வாங்கினார்கள். 2008 முதல் காற்று, நீர், சூரியன் மூன்றிலும் சொந்த மின்சாரம் எடுக்கிறார்கள். 2003ன் நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலப்பிரபு விரும்பாவிட்டாலும் கிராஃப்டர் சமூகம் நிலத்தை வாங்க வழி திறந்தது.

ஆபத்து தீர்ந்துவிடவில்லை. 1976ன் சட்டம் கிராஃப்டர் தனித்தனியே 15 வருஷக் குத்தகை கொடுத்து நிலத்தை வாங்கலாம் என்றது. கேட்க இனிக்கிறது. ஆனால் சொத்தானது சரக்காகவும் ஆயிற்று. இன்று பணக்காரர் உல்லாச வீட்டுக்காகக் கிராஃப்டை வாங்குகிறார்கள். உள்ளூர் வாலிபனுக்கு நிலம் எட்டவில்லை. மரம் நட்டுக் கரியமிலக் கணக்கில் காசு பார்க்க வரும் கம்பெனிகள் மலைகளை வளைக்கின்றன. முன்பு ஆட்டுக்காக, இப்போது மரத்துக்காக! கிராஃப்டர் தன் நிலத்திலிருந்து 32 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும், நிலத்தைப் பயன்படுத்த வேண்டும் என்ற விதி அங்கே இருக்கிறது. அதைக் கறாராக அமல் செய்வதே சங்கத்தின் வேலை.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1955ல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. சும்மா வரவில்லை. உழைப்பாளிகள் அடி வாங்கி, சிறை சென்று, உயிர் கொடுத்தபின் வந்தன. 1968 டிசம்பர் 25ந் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர் தீயில் மாண்டதை மறந்தவர் உண்டா?

ஆனால் வாய்ப் பேச்சுக் குத்தகையில் உழுபவர் இன்னும் எத்தனையோ பேர். காகிதம் இல்லாதவனுக்குப் பாங்கிக் கடன் எட்டுவதில்லை. வெள்ள நிவாரணம் வந்தால் பட்டாதாரன் கையில் விழுகிறது. 2019ல் தொடங்கிய மத்திய சர்க்காரின் வருஷத்துக்கு 6,000 ரூபாய் உதவி நிலம் பதிவாகியிருக்கும் குடும்பத்துக்குத்தான். உழாத பட்டாதாரனுக்குப் பணம், உழும் குத்தகைதாரனுக்கு உபதேசம்!

ஆகவே நாம் சொல்கிறோம். உழுபவர் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். ஒவ்வொரு கிராமத்திலும் சங்கம் பட்டியல் எடுத்துத் தாசில்தாரிடம் கூட்டமாகச் சென்று மனுக் கொடுக்கட்டும். தனியாகப் போகிறவனை மிரட்டுவது சுலபம். மேய்ச்சல் புறம்போக்கும் குளமும் யார் கைக்கும் போகாமல் ஊர்க் கமிட்டி காவல் நிற்கட்டும். நிலமற்ற விவசாயத் தொழிலாளியை விட்டுவிட்டுக் குத்தகைதாரன் மட்டும் ஜெயிக்க நினைத்தால், 1886ன் ஓட்டை இங்கும் விழும். கூலி உயர்வுக்கும் மனைப் பட்டாவுக்கும் இருவரும் சேர்ந்து நில்லுங்கள்.

ஆலைத் தோழர்களே, இது கிராமத்தான் விவகாரம் என்று இருந்துவிடாதீர்கள். கிராமத்தில் ஒரு குடும்பம் நிலத்திலிருந்து வெளியேறினால், உங்கள் ஆலை வாசலில் பாதிக் கூலிக்கு ஓர் ஆள் கூடுகிறான். கிளாஸ்கோவில் நடந்தது இதுதான். அவன் நிலத்தைக் காப்பது உங்கள் கூலியைக் காப்பது.

மண்ணைப் பரிசோதியுங்கள், எரு சேருங்கள், விதையைக் காப்பாற்றுங்கள். எல்லாம் செய்யத்தான் வேண்டும். ஆனால் உபதேசம் செய்ய வரும் ஒவ்வொரு கனவானிடமும் முதலில் ஒன்று கேளுங்கள்: 'ஐயா, நான் வளப்படுத்தும் இந்த மண் நாளைக்கு யாருடையது?' அந்தக் கேள்விக்குப் பதில் சங்கத்தின் பலத்தில்தான் இருக்கிறது.