கணவன்–மனைவிக்கு ஒரு ஞாயிறு!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் காலை நேரத்தில் ஒரு காட்சியைக் காணலாம். ஷூ கம்பெனி பஸ்களும் வேன்களும் வரிசையாக வரும். கையில் சாப்பாட்டுப் பையுடன் பெண்கள் ஏறுவார்கள். மனைவி ஷூ கம்பெனிக்குப் போவாள். கணவன் தோல் பதனிடும் தொழிற்சாலைக்குப் போவான். பொழுது சாய்ந்த பிறகுதான் இருவரும் வீடு திரும்புவார்கள்.

வீட்டில் மாமனார், மாமியார், குழந்தைகள். இருப்பதோ ஒன்றிரண்டு அறைகள். அங்கே கணவனும் மனைவியும் என்ன பேசுகிறார்கள்? "அரிசி தீர்ந்துவிட்டது." "சீட்டுப் பணம் கட்ட வேண்டும்." "பிள்ளைக்குக் காய்ச்சல்." இதுதான் பேச்சு!

கல்யாணத்துக்கு ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுகிறார்கள். ஆனால் கல்யாணம் ஆன இருவரும் தனியாக உட்கார்ந்து பேச ஓர் இடம் உண்டா என்று யாரும் யோசிப்பதில்லை.

யாருக்கு விடுமுறை?

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு விடுமுறை. மனைவிக்கு விடுமுறை உண்டா? கிடையாது! ஒரு வாரத் துணி குவிந்து கிடக்கும். மாவு ஆட்ட வேண்டும். வீட்டைக் கழுவ வேண்டும். கணவன் நண்பர்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவான். ஆறு நாள் அவனைப் போலவே உழைத்தவள், ஏழாவது நாளும் உழைக்கிறாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறாவது இருவரும் சேர்ந்து வெளியே போவது ஆடம்பரம் அல்ல. உழைக்கும் குடும்பத்துக்கு அது அவசியம்.

ராட்டினத்தில் இருவர்

"எங்கே போகலாம்?" என்றால், "சென்னைக்கு!" என்று பதில் வரும். அங்கே ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. பூங்கா இருக்கிறது. பெங்களூர் பக்கம் பிடதியில் 2005–ல் திறந்த வொண்டர்லா இருக்கிறது. ரெயில் ஏறினால் எந்தப் பக்கமும் போகலாம்.

கேளிக்கைப் பூங்காவில் தம்பதிகளுக்கு ஏற்ற இடம் எது? ராட்சத ராட்டினம்தான்! 1893–ல் அமெரிக்காவில் சிகாகோ நகரப் பொருட்காட்சியில் ஜார்ஜ் பெர்ரிஸ் என்ற என்ஜினீயர் 264 அடி உயரத்தில் ஒரு ராட்டினம் அமைத்தார். அதில் 36 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 60 பேர் ஏறலாம். இன்றைய ராட்டினங்களின் கூடுகள் சின்னவை. இருவருக்கு மட்டும் ஒன்று கிடைத்தால், அந்தச் சில நிமிஷங்களுக்கு வானத்தில் ஒரு தனிக் குடித்தனம்!

பயப்படும் மனைவியைப் பலவந்தமாக ஏற்றுவது வீரம் அல்ல. தலை சுற்றும் கணவனைக் கேலி செய்வதும் அழகல்ல. வரிசையில் நிற்கும் நேரம் வீண் என்று எண்ண வேண்டாம். செல்போனைப் பையில் போட்டுவிட்டால், அதுவே பேசும் நேரம்.

ஆனால் ரெயில் செலவு, நுழைவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் பல நாள் கூலி போய்விடும். ஆண்டுக்கு ஒரு முறை போகலாம். மற்ற ஞாயிறுகளுக்கு என்ன செய்வது?

கைக்கெட்டும் இடங்கள்

ஏலகிரி மலை பக்கத்திலேயே இருக்கிறது. பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலைமேல் ஊர். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். பெயரைப் படித்துக்கொண்டே ஏறுவது ஒரு வேடிக்கை. மேலே புங்கனூர் ஏரியில் படகு விடுகிறார்கள்.

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் அமிர்தி காடு. சிறிய விலங்குப் பூங்கா இருக்கிறது. மழைக்குப் பிறகு போனால் அருவியும் பார்க்கலாம்.

வாணியம்பாடிக்குத் தெற்கே ஜவ்வாது மலையில் காவலூர். அங்கே உள்ள வானாராய்ச்சி நிலையத்தில் 1986–ல் தொடங்கி வைத்த பெரிய தொலைநோக்கி இருக்கிறது. அதன் கண்ணாடியின் குறுக்களவு 2 மீட்டருக்கும் மேல்! பொதுமக்களை அனுமதிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும். சேர்ந்து நட்சத்திரம் பார்ப்பதைவிட இனிய பொழுதுபோக்கு தம்பதிகளுக்கு உண்டா?

அகழிக்கரை அதிசயம்

இவை எல்லாவற்றையும்விட எளிதில் போகக்கூடிய இடம் வேலூர்க் கோட்டை. நகரத்தின் நடுவில் இருக்கிறது. 16–ம் நூற்றாண்டில் கட்டிய கருங்கல் கோட்டை அது. 1806 ஜூலை 10–ந் தேதி சிப்பாய்ப் புரட்சி வெடித்த இடமும் அதுதான். உள்ளே ஜலகண்டேசுவரர் கோவில், மசூதி, மாதா கோவில், அருங்காட்சியகம். சுற்றிலும் அகழி.

இந்த அகழியைப் பார்த்ததும் டென்மார்க் நாட்டுத் தலைநகரம் கோபன்ஹேகனை நினைத்துக்கொள்ளலாம். 1843–ல் அங்கே 'டிவோலி' என்ற கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார்கள். கோட்டைச் சுவரை ஒட்டிக் கிடந்த நிலத்தில் அமைத்தார்கள். பூங்காவுக்கு நடுவே அழகான ஏரி ஒன்று உண்டு. அது வேறு எதுவும் அல்ல, பழைய அகழியின் மிச்சம்தான்! கரையில் பூச்செடிகள், விளக்குகள், உட்காரும் இடங்கள். 1955–ல் டிஸ்னிலாந்தைத் திறந்த வால்ட் டிஸ்னி, அதற்கு முன்பே டிவோலியைப் போய்ப் பார்த்திருக்கிறார்.

அங்கே அகழி காதல் ஏரியானது. இங்கேயும் அகழி இருக்கிறது!

ராட்டினம் வேண்டாம்!

வேலூர்க் கோட்டைக்குள் ராட்டினம் வேண்டாம். அது தொல்பொருள் துறை பாதுகாக்கும் சின்னம். வேண்டியவை சின்னச் சின்ன வசதிகள்தான். நிழலில் நிறையப் பெஞ்சுகள் வேண்டும். இருட்டும் நேரத்தில் நல்ல வெளிச்சம் வேண்டும். பெண்கள் கூச்சப்படாமல் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை வேண்டும். இவை இல்லாத பூங்காவுக்கு எந்தக் குடும்பப் பெண் நிம்மதியாக வருவாள்?

இன்னொன்றும் வேண்டும். அதற்குக் காசு செலவில்லை. சேர்ந்து உட்கார்ந்திருக்கும் ஜோடியை முறைத்துப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். "நீங்கள் யார்? தாலி எங்கே?" என்று அதட்டுவதற்கு வழிப்போக்கர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. பூங்காவில் சண்டை போடும் தம்பதியை யாரும் கேட்பதில்லை. சிரித்துப் பேசும் தம்பதியைத்தான் கேட்கிறார்கள். இது என்ன நியாயம்?

"வீட்டில் பெரியவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று சிலர் தயங்குகிறார்கள். பெரியவர்கள் மனது வைத்தால் எல்லாம் நடக்கும். பேரப் பிள்ளைகளை நாலு மணி நேரம் பார்த்துக்கொள்வது பாட்டிக்குப் பாரமா? அடுத்த ஞாயிறு குடும்பம் முழுவதும் சேர்ந்து போகலாமே!

ஊர் பெஞ்சு போடும் வரை கணவன்மார் காத்திருக்க வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் துணி துவைக்க அவர்களும் ஒரு கை கொடுக்கட்டும். இருவர் சேர்ந்தால் வேலை பாதி நேரத்தில் முடியும். மாலை 4 மணிக்கு இருவரும் கிளம்பலாம்!