ஊளையும் உபசாரமும்

2021 ஜூனில் ஆஸ்திரேலியக் கால்பந்து அமைப்பு ஒரு செய்தியைச் சற்றே சங்கடத்தோடு வெளியிட்டது. ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் ஆடம் குட்ஸைச் சேர்க்கத் தெரிவுக்குழு விரும்பியது. அவரோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு பிரவுன்லோ பதக்கம், இரண்டு சாம்பியன் கோப்பை, 372 ஆட்டம், 464 கோல். இப்படிப்பட்ட ஒருவர் மறுத்தால் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை மண்டபத்துக்குத்தான் வந்து சேர்கிறது.

அந்த ஊர் மக்கள் 'ஃபுட்டி' என்று செல்லமாகச் சொல்லும் ஆட்டம் இது. முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று. பந்தைக் கையால் எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறு கை முட்டியால் குத்தி அனுப்பலாம். பிரவுன்லோ பதக்கம் யாருக்கு என்பதை முடிவு செய்வது களத்தில் நிற்கும் நடுவர்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்று, இரண்டு, ஒன்று என்று அவர்கள் போடும் மதிப்பெண்தான் கணக்கு. முறைகேடாக ஆடித் தடை வாங்கியவருக்கு அந்த ஆண்டு பதக்கம் கிடையாது. திறமைக்கும் நேர்மைக்கும் சேர்த்துத் தரப்படும் அந்தப் பதக்கத்தை குட்ஸ் 2003இல் இருவரோடு பங்கிட்டுக்கொண்டார்; 2006இல் தனியாகவே வாங்கினார்.

பிறந்தது 1980இல், தெற்கு ஆஸ்திரேலியாவின் வாலரூவில். அம்மா பழங்குடிப் பெண். அரசே பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டு போன காலத்தில் அப்படிப் பிரிக்கப்பட்டவர். 'திருடப்பட்ட தலைமுறை' என்று வரலாறு குறிப்பிடுவது அந்தக் குழந்தைகளைத்தான். பையனுக்கு முதலில் பிடித்தது நம்மூரில் ஆடும் கால்பந்து. மெர்பீன் என்ற சிற்றூருக்குக் குடிபோனபோது அங்கே பள்ளியில் அந்த ஆட்டம் இல்லை. அதனால் ஃபுட்டிக்கு வந்தார். 1997 வீரர் தேர்வில் சிட்னி ஸ்வான்ஸ் அவரை எடுத்தது 43ஆவது ஆளாக. அதாவது, நாற்பத்திரண்டு பேரை அணிகள் அவரைவிட மேலென்று நினைத்திருக்கின்றன. 1998 முழுவதும் இரண்டாம் அணியில் கிடந்தார். 1999இல் களமிறங்கி, அந்த ஆண்டின் சிறந்த இளம் வீரர் விருதையும் வாங்கினார்.

சிட்னி ரக்பி ஊர். ஸ்வான்ஸே மெல்போர்னிலிருந்து 1982இல் பெயர்ந்து வந்த அணி. அது 1933க்குப் பிறகு கோப்பையைத் தொட்டதில்லை. 2005 இறுதிப் போட்டியில் வெஸ்ட் கோஸ்ட்டை நான்கே புள்ளியில் வென்றபோது 72 ஆண்டுப் பஞ்சம் தீர்ந்தது. 2012 இறுதிப் போட்டியில் குட்ஸின் முழங்கால் தசைநார் இரண்டாம் கால்பகுதியிலேயே கிழிந்துவிட்டது. கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கடைசிக் கால்பகுதியில் ஒரு கோலும் போட்டார். ஸ்வான்ஸ் பத்துப் புள்ளியில் ஜெயித்தது. இங்கே கதை முடிந்திருந்தால் மண்டபத்தில் அவர் படம் இந்நேரம் மாட்டப்பட்டிருக்கும்.

2013 மே 24. பழங்குடி வீரர்களைச் சிறப்பிக்கும் சுற்றின் முதல் ஆட்டம், மெல்போர்ன் மைதானத்தில், காலிங்வுட்டுக்கு எதிராக. கடைசிக் கால்பகுதியில் எல்லைக்கோட்டருகே குட்ஸ் ஓடும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து 'குரங்கு' என்று ஒரு குரல். நின்றார், திரும்பிப் பார்த்தார், விரல் நீட்டிக் காவலரிடம் காட்டினார். கத்தியது பதின்மூன்று வயதுச் சிறுமி. அணி ஜெயித்தது, அவர் கொண்டாட நிற்கவில்லை, உள்ளே போய்விட்டார். காலிங்வுட்டின் தலைவர் எடி மெக்குவயர் அன்றிரவே சிட்னி வீரர்களின் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் குட்ஸ் செய்தியாளர்களிடம் சொன்னதன் சாரம் இது: அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லாதீர்கள், அவள் வளரும் சூழலில் கேட்டதைச் சொல்லியிருக்கிறாள், அவளுக்குத் துணை நில்லுங்கள். ஐந்து நாள் போனது. அதே மெக்குவயர் வானொலியில், 'கிங் காங்' நாடகத்துக்கு விளம்பரம் செய்ய குட்ஸை அழைக்கலாமே என்கிற தொனியில் பேசினார். பெரிய மனிதருக்கு வாய் தவறியது என்றார்கள். சிறுமிக்குக் கிடைத்த வசவோடு ஒப்பிட்டால் அது ரொம்பவே மென்மையான தீர்ப்பு.

2014இல் அவர் 'ஆஸ்திரேலியாவின் ஆண்டு மனிதர்' ஆனார். நாட்டின் வரலாற்றில் பழங்குடிகளுக்கு நேர்ந்ததை மேடைகளில் வெளிப்படையாகப் பேசினார். பந்து அவர் கைக்கு வரும்போதெல்லாம் ஊளையிடுவது வலுத்ததும் இந்தக் காலத்தில்தான். ஏன் என்று கேட்டால் கைவசம் பதில் வைத்திருந்தார்கள்: ஃப்ரீ கிக் வாங்க விழுந்து நடிக்கிறார், சின்னப் பெண்ணைக் காட்டிக்கொடுத்தார், இனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விழுந்து நடிப்பவர்கள் எல்லா அணியிலும் உண்டு; ஊர் ஊராகத் துரத்தி ஊளையிட்டது இவரை மட்டும்தான். அவருடைய ஆட்டமுறையும் 1999 முதல் எல்லோரும் பார்த்ததே. புதிதாக இருந்தது அவர் பேச்சு மட்டுமே.

2015 மே 29, மறுபடி பழங்குடிச் சுற்று, சிட்னி மைதானம். கார்ல்டனுக்கு எதிராகக் கோல் போட்டதும் எதிரணி ரசிகர்கள் இருந்த பக்கம் நகர்ந்து ஒரு போர் நடனம் ஆடினார்; இல்லாத ஈட்டியை எறிவதுபோல் முடித்தார். பதினாறு வயதுக்குட்பட்ட பழங்குடிச் சிறுவர் அணியிடம் கற்றுக்கொண்ட நடனம் என்று பிறகு சொன்னார். ஆண்டுக்கொரு முறை பழங்குடிப் பண்பாட்டைக் கொண்டாட மேளம் தட்டும் அதே அமைப்பின் திருவிழாவில்தான் இதைச் செய்தார். பயமுறுத்துகிறார் என்று தொலைக்காட்சியில் மாய்ந்து மாய்ந்து விவாதித்தார்கள். நிகழ்ச்சி நிரலில் அச்சிட்ட பண்பாட்டுக்குக் கைதட்டல். கோல் போட்டவன் தானாக ஆடினால் மிரட்டல்!

ஜூலை கடைசியில் பெர்த்தின் சூபியாகோ மைதானத்தில் ஊளை உச்சத்துக்குப் போனது. சக வீரர் லூயிஸ் ஜெட்டா கோல் போட்டுவிட்டுக் கூட்டத்தை நோக்கி அதே நடனத்தை ஆடிக் காட்டினார். குட்ஸ் விடுப்பில் போனார். அடுத்த வாரம் சிட்னியில் அவர் இல்லாமலே ஆட்டம் நடந்தது. மூன்றாம் கால்பகுதியின் ஏழாவது நிமிடத்தில் மைதானமே எழுந்து கைதட்டியது. மூன்றும் ஏழும் சேர்ந்தால் அவருடைய சட்டை எண், 37. திரும்பி வந்து செப்டம்பர் வரை ஆடினார். அரையிறுதியில் நார்த் மெல்போர்னிடம் தோற்ற இரவு, உடை மாற்றும் அறையில் சக வீரர்களிடம் ஓய்வைச் சொன்னார். ஓய்வுபெறுவோரை இறுதிப் போட்டி நாளில் வண்டியில் ஏற்றி மைதானத்தைச் சுற்றிவரும் வழக்கம் உண்டு. அதற்கு அவர் போகவில்லை.

அமைப்பும் பதினெட்டு அணிகளும் மன்னிப்புக் கேட்டது 2019 ஜூன் 7 அன்று. அந்தக் கடைசி ஆண்டுகளின் தொலைக்காட்சிப் பதிவுகளையும் செய்தித் துணுக்குகளையும் தொகுத்த ஆவணப்படம் முதல்முறை திரைக்கு வரவிருந்த வேளை அது. படம் வராமல் போயிருந்தால் மன்னிப்பும் இன்னும் தாமதித்திருக்கும் என்று சந்தேகிப்பதில் தவறில்லை. ஊளை நடந்துகொண்டிருந்தபோது அதை இனவெறி என்று பெயர் சொல்லி அழைக்கத் தயங்கிய அமைப்பு, நான்காண்டு கழித்துத் தெளிவாகப் பேசியது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1993 ஏப்ரலில் விக்டோரியா பார்க் மைதானத்தில் வசை பாடிய காலிங்வுட் ரசிகர்களுக்கு எதிரே பழங்குடி வீரர் நிக்கி வின்மார் சட்டையைத் தூக்கித் தன் கறுத்த வயிற்றைச் சுட்டிக் காட்டினார். இரண்டாண்டு கழித்து இன்னொரு பழங்குடி வீரர் மைக்கேல் லாங் களத்தில் கேட்ட இனவசவைப் பற்றிப் புகார் செய்து விடாப்பிடியாக நின்றார். களத்தில் வீரர்கள் இனத்தைச் சொல்லி ஏசுவதைத் தடுக்கும் விதி வந்தது. அது ஆட்டக்காரர் வாயைக் கட்டியது, கேலரியை அல்ல. வின்மாரின் அந்த நிலை வெண்கலச் சிலையாகப் பெர்த்தில் எழுந்தது 2019இல், அவரைப் புகழ் மண்டபம் சேர்த்துக்கொண்டது 2022இல். ஏறக்குறைய முப்பது ஆண்டு. குட்ஸ் விஷயத்தில் ஆறே ஆண்டில் கணக்கை முடித்துவிடப் பார்த்தார்கள். விருந்தாளி வர மறுத்ததால் முடியவில்லை.

என்றாவது அவர் மனம் மாறும் என்று நம்புவதாக அமைப்பின் தலைவர் ரிச்சர்ட் கோய்டர் அப்போது சொன்னார். முடிவு குட்ஸுடையது என்பதையும் ஒப்புக்கொண்டார். குட்ஸோ, ஸ்வான்ஸில் தன்னோடு ஆடிய மைக்கேல் ஓலாஃப்லினோடு சேர்ந்து 2009இல் தொடங்கிய அறக்கட்டளையின் வழியாகப் பழங்குடிப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை தரும் வேலையில் இருக்கிறார்.