பட்டம் தந்தால் போதுமா? பாதை காட்ட வேண்டாமா?

தொலைநிலையிலும் இணையவழியிலும் உளவியல் பட்டப்படிப்பை நடத்தலாகாது என்று 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு ஆணையிட்டது. புண்பட்ட மனத்தை ஆற்றும் கலையை நேரில் நின்று பயில வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கல்லூரிக்குள் நுழைந்த பின்னராவது மாணவருக்கு வழி காட்டப்படுகிறதா? அதுதான் நமது கேள்வி.

தறி நெய்யும் குடும்பத்திலே முதன்முதல் கல்லூரி வாயிலை மிதிக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். மூன்றாண்டு முடிந்ததும் மனநோய் தீர்க்கும் பணியில் அமரலாம் என நம்புகிறாள். பட்டம் கையில் வந்த பிறகே உண்மை தெரிகிறது. மருத்துவ உளவியலாளர் எனப் பணியாற்ற, இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற தனிப் பயிற்சி வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவேட்டிலே பெயர் ஏற வேண்டும். இதை முதல் நாளே சொல்ல ஆளில்லையா?

சேருமிடம் தெரிந்தால்தானே வழியை வகுக்க முடியும்! புள்ளியியல் கடினம் என்று இறுதியாண்டுக்குத் தள்ளுகிறார்கள். அது தெரியாமல் ஆய்வு முறை விளங்காது. ஆய்வு முறை விளங்காமல் ஆய்வேடு எழுத வராது. முதலாண்டில் பொது உளவியலும் புள்ளியியலும். அடுத்து ஆய்வு முறை, வளர்ச்சி உளவியல், சமூக உளவியல். அதன்பின் பிறழ்நிலை உளவியலும் களப்பயிற்சியும். இதுவே முறையான படிவரிசை. விருப்பப் பாடமும் அப்படியே. மருத்துவமனையை நாடுபவருக்கு உயிரியல் துணை. தொழிற்சாலையை நாடுபவருக்கு மேலாண்மை துணை.

மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டுத் திட்டத்தை ஏற்ற இடங்களில் மூன்றாண்டுக்கு 120 மதிப்பலகு, நான்காண்டுக்கு 160. நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவு வேண்டுமாயின், முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். ஆறாம் பருவத்தில் விழித்து என்ன பயன்?

வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல மாமன் இருப்பார், சித்தப்பன் இருப்பார். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிதான் மாமன், கல்லூரிதான் சித்தப்பன்!

நாட்டிலே மனநோயுற்றோரில் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையின்றி வாடுவதாக 2015-16 தேசிய மனநல ஆய்வு கூறிற்று. ஆட்கள் தேவை, ஆர்வமுள்ளோரும் வருகின்றனர். இடையிலே வழி தெரியாமல் அவர்கள் வீணாகலாமா?

எனவே நாம் கேட்பது இரண்டு. சேர்க்கை நாளன்றே பாட வரிசையையும், எந்தப் பணிக்கு எந்தத் தகுதி என்பதையும் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுங்கள். தொலைநிலைக் கதவை அடைத்தவர்களே, அரசுக் கல்லூரிகளில் உளவியல் இடங்களைப் பெருக்குங்கள். பகலிலே உழைத்துப் பிழைப்போர்க்கு மாலை வகுப்புகளைத் திறந்துவிடுங்கள்.

ஒரு கதவை அடைத்தவருக்கு மறு கதவைத் திறக்கும் கடமை உண்டு. அதைச் செய்வார்களா?