வாடகை வீட்டுக்கு யார் பூட்டுப் போடுவது?

ஒருவர் பத்து வீடுகள் கட்டி வாடகைக்கு விடுகிறார். சுற்றிலும் உயரமான மதில். வாசலில் காவல்காரர். இரவு முழுவதும் விளக்கு எரிகிறது.

அங்கே குடி இருந்த ஒருவர், கதவைப் பூட்டாமல் சினிமாவுக்குப் போய் விட்டார். திருடன் புகுந்தான். நகை போயிற்று.

குற்றம் யார் மீது? மதில் கட்டியவர் மீதா? கதவைப் பூட்டாதவர் மீதா?

உலகத்தின் பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் இன்று இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டி இருக்கிறது.

மேகம் அல்ல, கட்டிடம்!

"கிளவுட்" என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறோம். "மேகம்" என்று பொருள். பெயர்தான் மேகம். வானத்தில் ஒன்றும் கிடையாது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்த கட்டிடங்கள் அவை. தரையில்தான் நிற்கின்றன.

அமேசான், மைக்ரோசாப்ட், கூகிள் போன்ற கம்பெனிகள் இவற்றை நடத்துகின்றன. பாங்கிகளும், ஆஸ்பத்திரிகளும், கடைகளும் அங்கே இடத்தை வாடகைக்கு எடுக்கின்றன. நம்முடைய பெயர், விலாசம், கணக்கு விவரம் எல்லாம் அங்கே போய்ச் சேருகின்றன.

பாதுகாப்பை இரு தரப்பாரும் பங்கு போட்டுக் கொள்கிறார்கள். கட்டிடம், மின்சாரம், காவல், இயந்திரம் இவை சொந்தக்காரர் பொறுப்பு. உள்ளே என்ன வைப்பது, யாரிடம் சாவி கொடுப்பது, எந்தக் கதவை மூடுவது என்பவை வாடகைக்காரர் பொறுப்பு.

10 கோடிப் பேர்

அமெரிக்காவில் "கேபிடல் ஒன்" என்று ஒரு பெரிய பாங்கி இருக்கிறது. அது தன் கணக்கு விவரங்களை அமேசான் கம்பெனியின் இடத்தில் வைத்து இருந்தது.

2019-ம் ஆண்டு மார்ச்சு மாதம், அதற்குள் ஒருவர் புகுந்து விட்டார். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் பற்றிய விவரங்கள் பறிபோயின. ஜூலை மாதம் வெளியார் ஒருவர் தகவல் சொன்ன பிறகே பாங்கிக்கு விஷயம் தெரிந்தது!

எப்படி நுழைந்தார்? மதிலைத் தாண்டவில்லை. பாங்கி அமைத்து இருந்த காவல் ஏற்பாட்டில் ஒரு தவறு இருந்தது. அந்த வழியாகவே நுழைந்தார். பிடிபட்டவர், முன்பு அமேசானில் வேலை பார்த்தவர். 2022-ல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு ஆயிற்று.

2020 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் 8 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள். யாருக்கு? அமேசானுக்கு அல்ல, பாங்கிக்கு! புதிய இடத்துக்குக் குடி போகுமுன், அங்குள்ள ஆபத்துகளைச் சரியாகக் கணக்கிடவில்லை என்பது குற்றச்சாட்டு.

சொந்தக்காரர் தப்பலாமா?

அதற்காக, "வாடகைக்காரர் பாடு" என்று சொந்தக்காரர் இருந்து விடலாமா? கூடாது. தாழ்ப்பாள் இல்லாத கதவை வைத்து விட்டு, "ஏன் பூட்டவில்லை?" என்று கேட்பது நியாயம் ஆகாது.

அமேசானும் பிறகு சில மாற்றங்களைச் செய்தது. அதே 2019 நவம்பரில், இத்தகைய திருட்டைக் கடினமாக்கும் புதிய தாழ்ப்பாள் ஒன்றைக் கொண்டு வந்தது. 2023 ஏப்ரல் முதல், புதிய சேமிப்பு அறைகளை வெளியார் பார்க்க முடியாதபடி மூடியே கொடுக்கிறது. இதை முன்பே செய்து இருக்கலாம்.

நடுவில் நாம்

இருவரும் ஒப்பந்தம் எழுதிக் கொள்கிறார்கள். விவரத்தைக் கொடுத்த நாமோ அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் பறிபோவது நம் விவரம்!

ஆகவே, "கிளவுட்காரரைப் போய்க் கேளுங்கள்" என்று நம்மிடம் யாரும் கைவிரிக்கக் கூடாது. நம்மிடம் கை நீட்டி வாங்கியவரே பொறுப்பு ஏற்க வேண்டும். இந்தியப் பாராளுமன்றம் 2023-ல் இயற்றிய தகவல் பாதுகாப்புச் சட்டமும் இதையே சொல்கிறது. விவரத்தை வாங்கிய நிறுவனம், வேறு ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தாலும் பொறுப்பு அதனுடையதே. தக்க பாதுகாப்புச் செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. இந்தச் சட்டம் ஏட்டளவில் நின்று விடக் கூடாது.

நம் பங்கு

நமக்கும் ஒரு பங்கு உண்டு. செல்போனில் எடுக்கும் குடும்பப் படங்கள் பலருக்கும் "கிளவுட்"டில்தான் இருக்கின்றன. அந்த அறைக்கு நாமே வாடகைக்காரர்கள்.

ரகசியச் சொல்லை யாருக்கும் சொல்லாதீர்கள். போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் சொல்லாதீர்கள். இரண்டாவது பூட்டுப் போடும் வசதி இருந்தால், உடனே போடுங்கள்.

முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும். 2021 மார்ச்சு 10-ந் தேதி, பிரான்சில் ஸ்டிராஸ்பர்க் நகரில் இத்தகைய கட்டிடம் ஒன்று எரிந்து போயிற்று. நல்ல வேளை, உயிர்ச் சேதம் இல்லை. வேறு பிரதி வைத்து இருந்தவர்கள் தப்பினார்கள். வைக்காத பலர், சேர்த்தவற்றை இழந்தார்கள்.

மதிலைக் கட்டுவது சொந்தக்காரர் கடமை. கதவைப் பூட்டுவது குடி இருப்பவர் கடமை. இரண்டில் ஒன்று தவறினாலும் திருடனுக்கு வழி கிடைத்து விடும்.