வட்டி குறைந்தது யாருக்கு?

2025 தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை, ஜூன் மாதத்துக்குள் 5.5 சதவீதமாக ரிசர்வ் வங்கி குறைத்தது. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி இது. இது குறைந்தால் வீட்டுக் கடன் வாங்கிய அரசு ஊழியரின் சுமை குறைகிறது. குரும்பகரத்திலும் சுற்று ஊர்களிலும் குழுக் கடன் கட்டும் நம் பெண்களுக்கு என்ன குறைந்தது?

வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற அளவுகோலுடன் இணைக்க வேண்டும் என்பது 2019 அக்டோபர் முதல் விதி. நுண்நிதி நிறுவனங்களுக்கு அந்த விதி இல்லை. அவை தருவது பெரும்பாலும் நிலையான வட்டிக் கடன். ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கும் மேல். அந்த வட்டிக்கு இருந்த உச்சவரம்பும் 2022 ஏப்ரலில் நீங்கிவிட்டது. நடவுக்கும் அறுப்புக்கும் இடையே கூலி இல்லை. தவணை மட்டும் வாரம் தவறாமல் வருகிறது.

நிலமும் பத்திரமும் இல்லாதவர்களுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் திட்டம் 1972 முதல் இருக்கிறது. அதில் 40 சதவீதம் பட்டியலின, பழங்குடி மக்களுக்கு. ஆனால் கடன் வரம்பு 15,000 ரூபாய். கிராமத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 18,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இன்றைய கூலிக்கு இந்த வரம்புக்குள் யார் வருவார்?

நாணய மதிப்பு சரிந்தால் விலை ஏறும் வேகத்துக்குக் கூலி ஏறாது, அடி உழைப்பவர் மீதே விழும் என்று எச்சரித்தவர் அண்ணல் அம்பேத்கர். 'ரூபாயின் சிக்கல்' என்ற அவரது ஆய்வு நூல் 1923இல் வெளிவந்தது. பணக் கொள்கை நமக்குச் சம்பந்தமில்லாத படிப்பு அல்ல என்பதை மாணவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் சட்டம் இயற்றியது. எல்லைக்கு இந்தப் பக்கம் காரைக்காலில் அது செல்லாது. ஆனால் ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் இங்கும் செல்லும்: காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தவணை கேட்டு அழைக்கக் கூடாது, உறவினரை மிரட்டக் கூடாது, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக் கடன் தரக் கூடாது, வட்டி விவரத்தை நமக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும்.

அந்தத் தாளைக் கேட்டு வாங்குவோம். புதுச்சேரி அரசிடம் தமிழ்நாட்டைப் போன்ற சட்டத்தையும், ஒன்றிய அரசிடம் 4 சதவீதக் கடனின் வரம்பு உயர்வையும் கேட்போம்.