அரசு வக்கீல் யாருக்கு வக்கீல்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

நம் பழைய மாணவி ஒருத்தி இப்போது வழக்கறிஞர். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மத்திய அரசுக்காக வாதாடும் வழக்கறிஞர் பட்டியலுக்கு விண்ணப்பிக்கப் போவதாக நம் குழுவில் எழுதியிருந்தாள். வாழ்த்துகள் குவிந்தன. நடுவில் அவள் வகுப்புத் தோழன் ஒருவன், அவனும் விமானப்படைக்காரர் வீட்டுப் பிள்ளை, "அப்போ எங்கப்பா மாதிரி ஆளுங்களுக்கு எதிரா நிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டான். அதோடு குழுவே அமைதியாகிவிட்டது. இருவரும் என்னிடம் கணக்கு படித்தவர்கள். அதனால் என் கருத்தைச் சொல்கிறேன். அவள் போகட்டும். ஆனால் அரசு வக்கீலின் வேலை வீரரைத் தோற்கடிப்பது என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாம்பரத்துக்காரர்களுக்குப் படைவீரர் குடும்பங்கள் புதிதல்ல. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் 'எக்ஸ் சர்வீஸ்மேன்' வீடு எத்தனையோ உண்டு. இவர்களில் சிலர் பணிக்காலத்தில் உடல்நலம் கெட்டு வெளியே வந்தவர்கள். வெளியே அனுப்பும்போது மருத்துவக் குழு ஒரு வரி எழுதும்: 'இந்த நோய் பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல.' அந்த ஒரு வரியில் டிசபிலிட்டி பென்ஷன் போய்விடும். பிறகு மனு, மேல்மனு, தீர்ப்பாயம் என்று அலைச்சல்தான்.

தரம்வீர் சிங் வழக்கை ஒவ்வொரு வழக்கறிஞரும் படிக்க வேண்டும். 1985-இல் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் சேர்ந்தவர். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1994-இல், வலிப்பு நோய், 20 சதவீதப் பாதிப்பு என்று அனுப்பிவிட்டார்கள். நோய் அவர் உடல்வாகில் இருந்ததாம், பணிக்குச் சம்பந்தமில்லையாம். இமாச்சல் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அரசு விடவில்லை, மேல்முறையீட்டில் ஜெயித்தது. கடைசியில் 2013 ஜூலை 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பத்தொன்பது வருஷம்!

நீதிமன்றம் என்ன சொன்னது? பணியில் சேரும்போது உங்கள் மருத்துவர்கள்தானே பரிசோதித்தார்கள்? அப்போது எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால், பிறகு வந்த நோய் பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்றால் மருத்துவக் குழு காரணம் எழுத வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு வீரருக்கு இல்லை. சந்தேகம் இருந்தால் பலன் அவருக்கு. என் வகுப்பில் நிரூபிப்பது மாணவன் வேலை, இங்கே தலைகீழ். இதில் புதுச்சட்டம் எதுவும் இல்லை. எல்லாம் 1982-ஆம் வருஷ விதிகளில் அரசே எழுதி வைத்தது. தான் எழுதிய விதியை எதிர்த்துத் தானே வாதாடியிருக்கிறது அரசு!

அடுத்த வருஷமே ராம் அவதார் வழக்கு. 20 சதவீதப் பாதிப்பை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்குக் கிடையாது என்று அரசு கொத்துக் கொத்தாக மேல்முறையீடு செய்திருந்தது. 2014 டிசம்பரில் அத்தனையும் தள்ளுபடி. 2015-இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர், இப்படிப்பட்ட வழக்குகளைக் குறைக்க வழி சொல்லுங்கள் என்று ஒரு குழுவே போட்டார். அதற்குப் பிறகும் மேல்முறையீடுகள் நின்றபாடில்லை.

இங்கேதான் அவளுக்கு வேலை இருக்கிறது. கோப்பு கைக்கு வந்ததும் முதலில் சேர்க்கை மருத்துவ அறிக்கையைப் பார்க்க வேண்டும். மருத்துவக் குழு காரணம் எழுதியிருக்கிறதா, வெறும் ஒரு வரியா என்று பார்க்க வேண்டும். வெறும் வரிதான் என்றால், 'இது தரம்வீர் சிங் தீர்ப்புக்குள் வருகிறது, எதிர்க்க வேண்டாம், மேல்முறையீடு வேண்டாம்' என்று எழுத்தில் கருத்துக் கொடுக்க வேண்டும். முடிவு துறையின் கையில்தான், தெரியும். கேட்கவில்லை என்றாலும் அந்தத் தாள் கோப்பில் கிடக்கும். அடுத்து கையெழுத்துப் போடுகிறவர் அதைத் தாண்டித்தான் போடவேண்டும்.

"சார், இப்படி எழுதிக்கிட்டே இருந்தா அடுத்த கேஸ் தருவாங்களா?" என்று கேட்பாள். நியாயமான பயம்தான். வீட்டுக்கடன் கட்டுகிற பிள்ளை. குறைவாகத் தரலாம். அதற்கு என்னிடம் இனிப்பான பதில் இல்லை.

எல்லா மனுவும் உண்மையா என்று கேட்பவர்களும் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று காட்டி அதிகாரிகளே பெருமளவில் இந்த பென்ஷன் வாங்குகிறார்கள் என்று தணிக்கைத் துறை 2023-இல் கேள்வி எழுப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில் விதிகளும் மாறின. புதிதாக வெளியே வருபவர்களுக்கு இறுக்கம் கூடிவிட்டது. பொய் மனுவை அரசு வக்கீல் எதிர்க்கட்டும், பலமாகவே எதிர்க்கட்டும். அதற்குத்தான் கோப்பைப் படிக்கச் சொல்கிறேன். பொய்யையும் மெய்யையும் ஒரே அச்சுப் பதிலால் எதிர்ப்பது சோம்பேறித்தனம்.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்னாள் வீரர் மனு போட்டால் அவருக்கு வேண்டிய ஆவணங்களைத் தேடி எடுக்க உதவுவது அரசுத் துறையின் கடமை. அங்கேயும் தாமதம், புகார் எல்லாம் உண்டு. ஆனால் தேடுகிற வேலை யாருடையது என்பதில் குழப்பமில்லை.

நம் ஊரிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலையில் வீரர் குடும்பங்களுக்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் இலவச சட்ட உதவி மையம் வைப்பது அதன் நோக்கம். வழக்கறிஞராக இருக்கும் மற்ற பிள்ளைகளே, செங்கல்பட்டு மாவட்டச் சட்டப்பணிகள் குழுவில் பெயர் கொடுங்கள். அரசு வக்கீல் நேர்மையாக எழுதினாலும், எதிர்ப்பக்கம் மனுவைச் சரியாக எழுத ஆள் வேண்டுமே.

கடைசியாக, அப்பா அல்லது தாத்தா படையில் இருந்த பிள்ளைகளுக்கு. தர்செம் சிங் என்பவர் 1983-இல் வெளியே வந்து, பதினாறு வருஷம் கழித்து 1999-இல்தான் வழக்குப் போட்டார். 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: தாமதத்தால் பென்ஷன் உரிமை போகாது, ஆனால் பாக்கி, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டுமே. அதாவது தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் மருத்துவக் குழு அறிக்கையையும் தேடி எடுங்கள். அறிக்கை இல்லையென்றால் ஆவண அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.