கெண்டைக்கால் பெருத்தவர்களுக்கு செருப்பு எங்கே?

லண்டனில் ஒரு பெண்ணுக்கு கெண்டைக்கால் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்தால், முழங்கால் வரைக்கும் வர்ற பூட்ஸில் ஜிப் பாதியிலேயே நின்றுவிடும். பெரிய கவலைதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அங்கே அதற்கென்றே ‘வைட் காஃப்’ என்று ஒரு ரகம் இருக்கிறது. பின்பக்கம் எலாஸ்டிக் பட்டை, அகலத்துக்கு தனி அளவு என்று சகல மரியாதையும் உண்டு. கால் அப்படி இருக்கிறதா, பூட்ஸை மாற்று என்பது அந்த ஊர் வியாபாரம்.

இப்போ விருத்தாசலத்துக்கு வாங்க. இங்கே யாரும் பூட்ஸ் கேட்கவில்லை. யானைக்கால் நோயால் கால் வீங்கிப் போனவர் கேட்பது ஒரு ஜோடி செருப்பு, அவ்வளவுதான். கடைக்காரர் காலைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். நீளத்தில் ரெண்டு சைஸ் கூட்டி வாங்கினால் முன்பக்கம் நீட்டிக்கொண்டு தடுக்கிவிடும். வாரை இழுத்து மாட்டினால் அது உரசியே புண்ணாகும். கடைசியில் வெறுங்கால்தான்.

கடலூர் மாவட்டத்துக்கு இந்த நோய் புதுசு இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் திட்டத்தை தமிழ்நாட்டில் 1996-ல் முன்னோட்டமாக ஆரம்பித்ததே இந்த மாவட்டத்தில்தான். நல்ல திட்டம், பலனும் கிடைத்தது. 2027-க்குள் யானைக்கால் நோயை ஒழிப்பது என்று இந்தியா இலக்கும் வைத்திருக்கிறது.

இங்கேதான் ஒரு வசதியான குழப்பம் நுழைகிறது. “நோயே ஒழியப் போகுது, இனிமே எதுக்கு தனி செருப்பு?” என்கிறவர்களுக்கு ஒரு விஷயம். மாத்திரை ரத்தத்தில் இருக்கிற புழுக்குஞ்சுகளைக் கொல்லும். கொசு வழியாக அடுத்தவருக்குப் பரவுவதைத் தடுக்கும். ஏற்கெனவே பெருத்துப் போன கால் அதனால் பழையபடி ஆகிவிடாது. நாளைக்கே நோயை ஒழித்துவிட்டதாக அறிவித்தாலும், அந்தக் காலோடு இருப்பவர் மறுநாளும் கடைத்தெருவுக்கு நடந்துதான் போகணும்.

செருப்பு என்ன அலங்காரமா? வீங்கிய காலில் விரலிடுக்கில் ஒரு சின்ன வெடிப்பு போதும், கிருமி உள்ளே போய்விடும். குளிர் ஜுரம், நெறி கட்டுதல், கால் நெருப்பாகக் கொதிப்பது... படுத்தால் எழுந்திருக்க நாளாகும், அத்தனை நாள் கூலியும் போச்சு. ஒவ்வொரு முறை இப்படி வரும்போதும் வீக்கம் இன்னும் கூடும். அதனால்தான் காலைக் கழுவித் துடைப்பதற்கு வாளி, மக், சோப்பு, துண்டு, களிம்பு எல்லாம் அரசே தருகிறது. சந்தோஷம். அப்படிக் கழுவித் துடைத்த காலை எடுத்து எதில் வைப்பது? சேற்றிலா?

முடியாத காரியமும் இல்லை. தொழுநோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு எம்.சி.ஆர். என்ற மெத்து ரப்பர் செருப்பை அரசு பல வருஷமாக இலவசமாகத் தருகிறது. ஒரு நோய்க்கு செய்ய முடிந்தது இன்னொன்றுக்கு ஏன் முடியாது?

“டிமாண்ட் இல்லைங்க” என்பது அடுத்த சாக்கு. பி.காம். முதல் வருஷ பாடம்தான் இது: தேவை வேறு, வாங்கும் சக்தியோடு கூடிய தேவை வேறு. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் ஐரோப்பாவுக்கு பூட்ஸ் தைத்து அனுப்புகின்றன. கை இருக்கிறது, மெஷின் இருக்கிறது. லண்டன் கெண்டைக்காலுக்கு பின்னால் காசு இருக்கு, விருத்தாசலம் கெண்டைக்காலுக்கு பின்னால் இல்லை. சந்தை தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று இதையும் விட்டுவிட்டால் எப்படி?

அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதம் மேல்நாட்டுப் பாதத்தைவிட அகலம் என்று கண்டு, ‘பா’ என்ற பெயரில் நமக்கென்று அளவுமுறை கொண்டுவரப் பார்க்கிறார்கள். பாராட்டலாம். ஆனா வயசுவாரியாக எட்டு அளவு வைத்தாலும், வீங்கிய கால் அதில் எதிலும் அடங்காது. அதற்கு தனிக் கணக்கு வேணும்.

இத்தனைக்கும் விருத்தாசலம் செராமிக் ஊர். பியூஸ் கேரியர், பொம்மை, ஜாடி என்று அச்சில் வார்த்தே பிழைக்கிற ஊர். சூளையில் வெந்தால் களிமண் சுருங்கும் என்று தெரிந்து, அச்சையே பெரிசாகப் போடுகிற ஊர். மண்ணுக்கு இவ்வளவு பார்க்கிறோம்!

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். மேலே திறந்த செருப்பு, மெத்தென்ற அகலமான அடிப்பாகம், இழுத்து ஒட்டுகிற மாதிரி நீளமான வெல்க்ரோ பட்டை. இதற்கு ஒவ்வொரு சைஸுக்கும் தனிக் கட்டைகூட வேண்டாம். ஊர் செருப்புத் தைக்கிறவரே செய்வார், வாளியோடு சேர்த்து அதற்கான காசையும் அரசு கொடுத்தால். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு இன்ச் டேப் இருந்தால் அளவெடுத்துவிடலாம்: பாதத்தின் அகலம், புறங்காலின் சுற்றளவு, கணுக்காலின் சுற்றளவு. ஒன்றே ஒன்று, சாயந்திரமாக அளக்கணும். நாளெல்லாம் நின்ற காலில் வீக்கம் அப்போதான் அதிகம்.